இழுத்தவன் புள்ளி வைக்கக் கூடாது

மாப்ளே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை பாப்பிரெட்டிப்பட்டி ஸ்பேர் கடையில் புது போல்ட் ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்னடா, இது சரியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பின்னால் நின்றது நீ இல்லை. ஆயில் வாங்க வந்த ஒரு போலீஸ்காரர். "சரியாத்தான் இருக்குதுங்க" என்றார், பாவம், மரியாதைக்கு.

பழி வாசத்தின் மேல்தான். புது போல்ட்டைச் சுற்றிய மெழுகுத்தாளைப் பிரித்ததும் ஒரு எண்ணெய் வாசம் வருமே, அது மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பதாகவே என் மண்டை நினைத்துக்கொண்டது. நீ போய் ஒன்பது மாதமானதை அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

எழுத்தில் 'நீ, வா, போ' என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. என் தங்கச்சி கழுத்தில் நீ தாலி கட்டிய மறுநாளே எனக்கு நீ 'வாங்க மாப்ள' ஆகிவிட்டாய். ஊருக்கு முன்னால் அந்த மரியாதை. ஸ்பேனர் கையில் இருக்கும்போது மட்டும் பழையபடி வாடா போடா. இப்போதும் என் விரலிடுக்கில் கிரீஸ் இருக்கிறது. அதனால் 'நீ'தான். நான் மூன்றாம் வகுப்பு, நீ ஐந்தாம் வகுப்பு. அந்த இரண்டு வகுப்புத் திமிரைச் சாகும்வரை விட்டாயா நீ? இந்த மடலில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், மூன்று நாளாக எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

சித்தேரி மலையிலிருந்து ஒரு டிராக்டர் வந்திருக்கிறது. கிராங்க் பேரிங் தேய்ந்து எஞ்சின் தட்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. கிராங்க்கை அடியில் பிடித்து நிறுத்தும் எட்டு போல்ட்டையும் மாற்ற வேண்டும் என்றேன். வண்டிக்கார மலைக்காரர் பழைய போல்ட் ஒன்றைத் துடைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பழசே நல்லாத்தானே இருக்குது?"

நீ செய்து காட்டுவாயே, அதையே செய்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையோடு மரை அழுத்தினேன். மேலே நான்கைந்து பல் ஒழுங்காக உட்கார்ந்தது. கீழே வரவர விலகி, கடைசியில் பல்லின் மேல் பல் ஏறி நின்றது. இழுபட்டு நீண்டுவிட்ட போல்ட்.

"எங்கூட்டுக்காரி வாயும் இப்பிடித்தானுங்க, மேலயும் கீழயும் சேராது" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர கண் வண்டியை விட்டு நகரவில்லை. வீட்டில் ஐந்து வாய். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது எட்டில் ஒன்று நெகிழ்ந்தாலும் எஞ்சின் போய்விடும்.

கடையில் இரண்டு வகை எடுத்துப் போட்டார்கள். ஒன்று பளபளவென்று, தலையில் எண்ணே இல்லாமல். இன்னொன்று கருப்பு, தலையில் 10.9 என்று வலு எண் அச்சு. "மினுக்குறத மாட்டாத மச்சான், இது கிராங்க், மூக்குத்தி இல்ல" என்பாயே. கருப்பையே எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நட்டை விரலாலேயே கடைசி மரை வரை ஓட்டிப் பார்த்தேன். ஏழு ஓடியது. எட்டாவது பாதியில் முரண்டு பிடித்தது, திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக வந்ததைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உன்னைக் கேட்டேன்.

வாங்கிவிட்டேன். ஆனால் முடுக்க முடியவில்லை. நீ போன பிறகு கிராங்க் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏனென்று உனக்குத் தெரியும். இழுத்தவன் புள்ளி வைக்கக் கூடாது. ஒருவன் ரெஞ்சை இழுக்க, இன்னொருவன் அளவுக்கு இறுகியதும் ரெஞ்ச் போடும் அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டு போல்ட் தலையில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். நம் பட்டறைச் சட்டம். இப்போது பட்டறையில் நான் ஒருவன்தான்.

அதனால் வீட்டுக்குள் போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டேன். புள்ளி வைத்த நகப்பாலிஷ் எப்போதும் அவளுடையதுதானே. "என் வெரலுக்கு இல்லாதது உங்க எஞ்சினுக்கா?" என்று உன்னோடு எத்தனை சண்டை. பாட்டிலை எடுத்து நீட்டினாள். வர மாட்டேன் என்றாள்.

"போண்ணா. அவரே புள்ளிய வச்சிட்டு டைட்ட வுட்டவரு. எனக்கென்ன தெரியும்?"

ஒரு போல்ட் நெகிழ்ந்து எஞ்சின் போன ஏரியூர் வண்டியைச் சொல்கிறாள், மாப்ளே. பத்து வருடம் ஆகியும் அவளுக்கு ஆறவில்லை. வண்டிக்காரன் நம் வீட்டு வாசலில் நின்று கத்தியதும், நீ தலையைக் குனிந்து "என் தப்புதாங்க, நாந்தான் வுட்டுட்டேன்" என்றதும், தெருவே வேடிக்கை பார்த்ததும். இரண்டு நாள் உன்னோடு அவள் பேசவில்லை. நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு உன்னைக் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. கை கழுவிக்கொண்டே சொன்னாய்: "என்னத் திட்டிட்டு அவன் மறந்துருவான் மச்சான். உன்னத் திட்டுனா நீ மறுக்கா ரெஞ்சத் தொட மாட்ட." அப்புறம்தான் அந்தச் சட்டத்தையும் போட்டாய்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். வாசப்படியிலேயே உட்கார்ந்து அவளிடம் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் பாப்பாவுக்கு மொட்ட போடத் தீர்த்தமலைக்குப் போனீங்கல்ல, அன்னிக்கு அந்த வண்டிய நாந்தான் தனியா டைட் வெச்சேன். ஒரு போல்ட்ட கடைசி ரவுண்டு இழுக்கவே இல்ல. புள்ளி மட்டும் வெச்சிட்டேன்."

அவள் வாசப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப, நான் அவரோட பேசாம இருந்த ரெண்டு நாளு?"

"எங்கூடப் பேசாம இருந்திருக்கணும்."

"அவரு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ என்னத் திட்டுவ, நான் அழுதுருவேன்னாரு."

"அழுதிருப்பியா?"

"அழுதிருப்பேன்."

"வெக்கங்கெட்டவனே" என்றாள். என்னைத்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் வேறு யாரையோ கொஞ்சுகிற மாதிரி இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி, எனக்கு முன்னால் பட்டறைக்கு நடந்தாள். நீ போன பிறகு அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். மரையிலும் தலைக்கு அடியிலும் ஆயில் தொட்டேன். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறிமாறி, மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் அவள் குனிந்து காதைக் கிட்டே வைத்துக்கொண்டாள். டக். புள்ளி. டக். புள்ளி. ஐந்தாவதை இழுத்துவிட்டு ஆறாவதில் ரெஞ்சை மாட்டினேன்.

"நில்லு. அது டக்குன்னு சொல்லல."

"சொல்லுச்சு."

"உம் மண்டைக்குள்ள சொல்லிருக்கும். எனக்குக் கேக்கல. இழு."

இழுத்தேன். கொஞ்சம் திரும்பியது. அப்புறம்தான் டக். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் சிவப்பைத் தொட்டு வைத்தாள். உன்னைவிடச் சின்னப் புள்ளி, சுத்தமாக.

எட்டும் முடிந்ததும் கிராங்க்கைக் கையால் சுற்றினேன். பூப்போலச் சுற்றியது. மலைக்காரர் தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக் கும்பிடு போட்டார், அவளைப் பார்த்து. பத்து வருடமாக உன் தலையில் ஏற்றி வைத்திருந்ததை நான் வாங்கிக்கொண்டேன், மாப்ளே. கனமாகத்தான் இருக்கிறது. நீ எப்படி அதைச் சிரித்துக்கொண்டே சுமந்தாய் என்றுதான் தெரியவில்லை. இனி நானே வைத்துக்கொள்கிறேன். அடுத்த கிராங்க் வேலை வந்தால் திருப்பி அனுப்ப மாட்டேன், ஆள் இருக்கிறது.

எஞ்சினின் அடியில் ஆயில் சட்டியை மாட்டி, புது கேஸ்கெட் வைத்து, சுற்றிலும் இருந்த எல்லாப் போல்ட்டையும் முடுக்கி, ஆயிலும் ஊற்றிய பிறகு தங்கச்சி நகப்பாலிஷ் பாட்டிலின் மூடியைக் காணோம் என்றாள். மூவரும் எஞ்சினைப் பார்த்தோம். ஆயிலை வடித்தோம். சட்டியைக் கழற்றினோம். கேஸ்கெட் கிழிந்தது. மூடி உள்ளே இல்லை. அவள் இடுப்பில் செருகியிருந்தாள்.