பழைய தகடு, புது லைனிங்

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நம் காருக்குக் கிளட்ச் பிளேட் எங்கும் கிடைக்கவில்லை. சென்னை, கோவை வரை விசாரித்துவிட்டேன். கடைசியில் மெக்கானிக் செல்லையன் பழைய தகட்டையே சுத்தம் செய்து, ஜீப்பின் லைனிங் பட்டையை வெட்டி அதன்மேல் ரிவிட் அடித்துக் கொடுத்தார்.

"எந்நேரமும் கிளட்ச்சு மேலயே கால வச்சிருந்தா எந்தத் தகடு சார் தாங்கும்? ஒண்ணு அமுத்துங்க, இல்ல எடுத்துடுங்க" என்று சிரித்தார்.

"இருன்னு சொல்லுங்க, இல்ல போன்னு சொல்லுங்க" என்று நீ கேட்டபோது நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ போயிருக்கும் விழிதியூர்த் தம்பி வீட்டுக்குப் பஸ் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கார் சரியாகட்டும் என்றிருந்தேன்.

இன்று விடியலில் காரைக்கால்மேட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் பெடலிலிருந்து பாதத்தை எடுத்ததும், அலையில் ஏறிய படகைப்போல் கார் தானாக நழுவியது. கடலும் கூடவே வந்தது. உனக்குக் காற்று வேண்டுமே என்று உன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

இதைச் செல்லையனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹாரன் வேலை செய்யவில்லை. அதையும் சரிசெய்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மாலையே வருகிறேன், வாசலைப் பார்த்துக்கொண்டிரு.

அன்று கேட்டாயே, இரு. நம் வீட்டிலேயே இரு.

உன் வீட்டுக்காரன்