பால்சுறா யாருக்கு என்று கேட்டார்கள்

காற்றைப் பார்த்து உலை வைத்த என் வள்ளிக்கு,

நம் செல்லிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு. நிறம் மட்டும் எங்கள் பக்கம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதை எழுதக் கை கூசுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும். செல்லியை அழைத்துவர ஆரம்பாக்கம் போனபோது சம்பந்தியம்மா தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே. அண்ணி இல்லாத வூட்ல யாரு பத்தியம் பாப்பாங்க? இங்கியே இருக்கட்டுமே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அவ அம்மா போய்ட்டா அவளுக்கு வூடு இல்லன்னு ஆயிடுமா? எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒல்லாந்தர் கோட்டையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலை பார்ப்பவன் நான். வாய்தானே எனக்குப் பிழைப்பு. பேசி ஜெயித்து, மகளைப் படகில் ஏற்றி, ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் உறைத்தது. பத்தியம் என்றால் எனக்கு என்ன தெரியும்? நீ வைத்ததைச் சாப்பிட்டேன், கை கழுவினேன், கோட்டைக்குப் போனேன். வாடைக்காற்று திரும்பிய அன்றே வீட்டில் சுக்கும் மிளகும் மணக்கும். வெயில் ஏறினால் பழைய சோறும் மோரும் வந்துவிடும். வேப்பம்பூவுக்கு ஒரு மாதம், கேழ்வரகுக் கூழுக்கு ஒரு மாதம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு பகலில் கண்ணயரக் கூடாது என்பாய். நான் தூங்கிவிடாமல் இருக்க, சண்டைக்காவது இழுப்பாயே. அதையெல்லாம் நச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு வந்த கோடையில் அந்த நச்சரிப்பின் அருமை தெரிந்தது. யாரும் கேட்க ஆளில்லை என்று கோட்டைக்காரர்களோடு உட்கார்ந்து சித்திரை வெயிலில் சாராயம் குடித்தேன். முதுகெல்லாம் கட்டி கிளம்பிவிட்டது. கோட்டை வைத்தியர் கையைக் கீறி ரத்தம் எடுத்தார். பிறகு மழையில் இருமல் வந்தது, அதற்கும் கையைத்தான் கீறினார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்கழிக் குளிரில் பிரசவம் ஆயிற்று. மருத்துவச்சி கூடவே இருந்து எல்லாம் பார்த்தாள். வாடை உள்ளே புகாமல் கதவிடுக்கில் சாக்கு அடைத்தாள், சாம்பிராணி போட்டாள், குடிக்கக் காய்ச்சின தண்ணீர்தான் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு இன்னொரு பிரசவத்துக்குக் காட்டூரிலிருந்து அவளுக்கு ஆள் வந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று, "பொண்ணுக்குப் பால் சரியா ஊறல. பால்சுறா வாங்கியாந்து பூண்டு போட்டுப் புட்டு பண்ணிக் குடுங்க, ஊறும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். எனக்குக் காது மடல் சுட்டது. பெற்ற மகளுக்குப் பால் ஊறவில்லை என்பதை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்கிறேன். செல்லியும் வாய் திறக்கவில்லை. உள்ளே அவள், வெளியே நான், நடுவில் குழந்தை பசித்து அழுகிறது.

கோட்டை வைத்தியரிடம் கேட்டேன். அவர் மொழியில் கேட்கும்போது எனக்குக் கூச்சமே இல்லை, தெரியுமா? துணிக்கட்டு விலை பேசுவதுபோல மளமளவென்று சொல்லிவிட்டேன். தாய்க்குத் தினமும் ஒரு குவளை பீர் கொடு என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்தவர் மொழியில் வெட்கம் ஒட்டுவதில்லை போலிருக்கிறது.

நம் மொழியில் கேட்கத்தான் வாய் வரவில்லை. வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாகக் கரைக்குப் போனேன். மீன் கேட்டால் யாருக்கு என்று கேட்டுத்தானே நம் பெண்கள் கூடையில் கை வைப்பார்கள். காய்ச்சல்காரனுக்கு ஒன்று, கர்ப்பிணிக்கு ஒன்று, கிழவனுக்கு ஒன்று. எனக்கென்று பார்த்து எதிரில் உட்கார்ந்திருந்தவள் மங்கா. கருவாடு காயவைக்கும் இடத்துக்காக உன்னோடு மல்லுக்கு நின்று, கடைசிவரை உன்னிடம் பேசாமலே இருந்துவிட்டாளே, அதே மங்கா.

"இன்னாண்ணே, கரைப்பக்கம் வழி தெரிஞ்சுதா?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பால்சுறா வேணும்."

"யாருக்கு?"

மகளுக்கு என்று ஒரே சொல். நாலு பாஷையை நாக்கில் வைத்திருப்பவனுக்கு அது வரவில்லை. "எனக்குத்தான். முட்டியில வாயு" என்றேன்.

"வாயுக்காரனுக்குச் சுறாவா? நல்லாத்தான் கேட்ட போ. நண்டு எடுத்துட்டுப் போய் மெளகு தட்டி ரசம் வச்சுக் குடி. முட்டி தானா எறங்கும்" என்று கூடையிலிருந்த நண்டுகளை ஓலைப்பையில் அள்ளிப் போட்டாள். சுறா கண்ணெதிரே கிடந்தது. அதைக் கேட்காமல் நண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்தவன் அதைத் தூக்கியாவது எறிந்திருக்கலாம். நண்டும் சத்துதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, மிளகை வாரிப் போட்டு ரசம் வைத்து மகளுக்குக் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். இது ஆகுமா என்று அவள் கேட்கவில்லை. நைனாவிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்கு வெட்கம்.

மறுநாள் குழந்தைக்கு மாந்தம் வந்துவிட்டது. வயிறு உப்பி, காலைக் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது. பிறகு அழுகையும் ஓய்ந்து முனகலாகிவிட்டது. செல்லி அதை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். "இன்னா நைனா பண்றது?" என்றாள். நீ இருந்திருந்தால் அந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்குமா?

தலைப்பாகைகூடக் கட்டவில்லை, வள்ளி. கரைக்கு ஓடினேன். வெயில் ஏறியிருந்த நேரம், வலை உதறுகிற ஆண்களும் விற்கிற பெண்களுமாகக் கரை நிறைந்திருந்தது. மங்காவின் முன்னால் நின்று, "எனக்கு வாயு கீயு ஒண்ணும் இல்ல மங்கா. என் பொண்ணுக்குப் பால் ஊறல. நீ குடுத்த நண்ட அவளுக்குப் போட்டுட்டேன். கொழந்தைக்கு மாந்தம். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அட பாவி மனுசா, இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா வந்துச்சு?" என்று மங்கா எழுந்துவிட்டாள். கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். கைக்குழந்தைக்காரியான தன் மருமகளைக் கூப்பிட்டாள். ஒரு சுறாவை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நம் வீட்டு வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

மருமகள் நம் பேத்தியை வாங்கித் தன் பாலைக் கொடுத்தாள். மங்கா செல்லிக்கு ஓமத் தண்ணீர் காய்ச்சினாள், முதுகுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள், "நீ கண்ண மூடித் தூங்கு, தூங்கினாதான் பாலு" என்று அதட்டினாள். என்னை அடுப்படிக்கு இழுத்தாள். சுறாவை வேகவைத்துத் தோலை உரிக்கவும், உதிர்த்துப் பிழியவும், பூண்டும் வெங்காயமும் வதக்கவும் என்னையே செய்யவைத்தாள். "நாளைக்கும் நானே வருவேன்னு நெனச்சியா?" என்றாள். ஆனால் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள்.

குழந்தை தேறிவிட்டது. செல்லிக்கும் பால் ஊறிவிட்டது. அவள் மார்பில் அது குடிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்கிறது. கோட்டையில் என் கையில் சுறா நாற்றம் என்று ஒருவன் மூக்கைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே கடிதத்தை முடித்திருப்பேன். முந்தாநாள் செல்லி புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அம்மாவுக்குச் சின்ன வயசுலயே அம்மா இல்லையே. நான் பொறந்தப்போ அவங்களுக்கு யாரு நைனா சுறா வாங்கியாந்தது?"

எனக்குத் தெரியவில்லை. கொல்லைப்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மங்காவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. தேய்த்த சட்டியையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நீயே போனாயா, வள்ளி? அந்தப் பச்சை உடம்போடு, ஈர மணலில் நடந்து போய், யாருக்கு என்று கேட்டவர்களிடம் எனக்குத்தான் என்று நீயே சொன்னாயா? நான் கோட்டையில் இருந்தேன். எத்தனை யோசித்தும் அந்த நாட்களில் ஒரு வேளைகூட எனக்குச் சோறு தவறியதாக ஞாபகம் வரவில்லை. உனக்கு யார் போட்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து மகள் கேட்கிறாள்.

நீ பதில் சொல்ல மாட்டாய். அன்றைக்கும் கரையில் இருந்தவள்தானே மங்கா, அவளிடம் கேட்டால் சொல்லுவாள். அதைக் கேட்கத்தான் எனக்கு நெஞ்சுரம் போதவில்லை. ஆனாலும் கேட்பேன். அவள் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்து, ஒரு சொல் விடாமல் உன் மகளிடம் சொல்வேன். இது என் சத்தியம்.

இப்படிக்கு,
செல்லியின் நைனா, உன் வீட்டுக்காரன்