பதினேழாம் நம்பர் மண்வெட்டி

நேற்றுக் காலை என் மனைவி கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து உன் மண்வெட்டியை இழுத்து வந்து முற்றத்தில் போட்டாள். "பிடி உளுத்துப் போச்சு. இன்னும் என்னத்துக்கு இதை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். பிடியின் ஒரு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நீ சுட்டு எழுதிய பதினேழு மட்டும் அப்படியே கறுப்பாக இருந்தது.

மூன்று கிழமைக்கு முன் உன் தம்பியின் தபாலட்டை வந்தது. பரந்தனில் காய்ச்சலில் கிடந்து நீ போய்விட்டாய் என்று எழுதியிருந்தார். உன் பெயரை எழுதியிருந்ததால் யார் செத்தது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அரசாங்கம் காணி பங்கிட்ட கச்சேரியில் இலக்கம் எடுத்த நாள் முதல் இந்தக் குடியேற்றத்தில் நீ பதினேழு, நான் பதினெட்டு. "சுடலையிலை எண்டாலும் பேரைச் சொல்லுவினமோ, இல்லாட்டிப் பதினேழு எண்டுதான் எரிப்பினமோ, மச்சான்?" என்று நீ கேட்டுச் சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன்.

காடு வெட்டி, மலேரியாவுக்குத் தப்பி, இரண்டு பேரும் ஒரே வரம்பில் சோறு தின்றவர்கள். என் மண்வெட்டியின் பிடி வெடித்தபோது உன்னிடம் வந்து கேட்டேன். "எடுத்துக்கொண்டு போ. வேலை முடியத் தா" என்றாய். அந்தக் கோடைச் சிறுபோகத்தில் வாய்க்காலின் மண் அணைக்கட்டில் ஓரிடத்தில் நண்டு வளையால் நீர் கசிந்துகொண்டிருந்தது. உன் வயலுக்கு நேர் மேலே. அதை அடைக்கத்தான் மண்வெட்டி. வளையைத் தோண்டித் திறந்து, களிமண் போடத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கூப்பிட்டாள். மண்வெட்டியை அணைக்கட்டில் குத்திவிட்டு ஓடினேன். பிள்ளை பிறந்த சந்தோசத்தில் அணைக்கட்டும் மறந்தது, மண்வெட்டியும் மறந்தது.

விடிந்து பார்த்தால் அந்த இடத்தில் அணைக்கட்டு அறுந்து, முறைவைத்துத் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் உன் வயல் வழியாக ஓடிக் காட்டுக்குள் போயிருந்தது. கீழ்க்காணிகள் காய்ந்து கிடந்தன. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் உன் மண்வெட்டி நின்றது. ஆளை நம்பரால் கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? மண்வெட்டியில் பதினேழு, ஆகவே வெட்டியது பதினேழு. அதன் பிடியை யார் கை கடைசியாகப் பிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ தீவுப் பக்கத்து ஆள், எங்கள் வாய்க்காலின் மற்றப் பதினொரு பேரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதும் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது.

மதகடியில் கூட்டம். எங்கள் வாய்க்காலின் வழக்கம் உனக்குத் தெரியும்: ஒருவனின் தண்ணீரை மறிப்பதென்றால் மற்ற எல்லாக் கையும் எழும்ப வேண்டும். ஒரு கை குறைந்தாலும் தீர்ப்பில்லை. ஊருக்குள் பிளவு வரக்கூடாது என்று யாரோ நல்ல மனதோடு வைத்த வழக்கம்.

"மண்வெட்டி உம்முடையது தானே?" என்று தண்ணீர் பங்கிடும் வாய்க்கால் விதானையார் கேட்டார்.

"ஓம், என்ரைதான்."

"அப்ப அணைக்கட்டை வெட்டினது?"

"நான் வெட்டேல்லை."

"அப்ப இது எப்பிடி அங்கை வந்தது?"

நீ நிலத்தைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. "அதை நான் சொல்ல ஏலாது. சொல்ல வேண்டிய ஆள் சொல்லட்டும்" என்றாய்.

நான் சொல்லத்தான் இருந்தேன். நம்பு, வாய்க்குள் சொல் வந்து நின்றது. அதற்குள் முன்வரிசையில் ஒரு கை எழும்பியது. பிறகு இரண்டு. பிறகு மளமளவென்று எல்லாம். இத்தனை பேர் தூக்குகிறார்களே, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. என்ன மடத்தனம்! மண்வெட்டியை விட்டுவிட்டு ஓடியவனே நான்தான். பத்துக் கையும் எழும்பி, விதானையார் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லா முகமும் திரும்பியது. பதினொராவது கை என்னுடையது. தூக்கினேன்.

உன் நெல் கதிருக்கு முன் குடலை தள்ளும் பருவம். இரண்டு முறை தண்ணீரை மறித்தார்கள். ஒரு கதிரில் கூடப் பால் பிடிக்கவில்லை, முழுவதும் சப்பி, வெறும் பதர். உன் மனைவி பிள்ளைகளோடு அந்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றதை என் வரம்பில் நின்று நானும் பார்த்தேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான் உன்னிடம் குறை தேடத் தொடங்கினேன். அவனுக்குத் தலைக்கனம், ஒருவரையும் மதிக்கமாட்டான், இன்றைக்கு வெட்டாவிட்டாலும் என்றைக்காவது வெட்டியிருப்பான் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோலத் தோன்றியது. நான் மறந்தது பிள்ளை பிறந்த அவசரத்தால். உன் மேல் விழுந்த பழியோ உன் குணத்தால். இப்படித்தான் ஒரு வருடம் நித்திரை கொண்டேன். உன்னைக் கெட்டவன் ஆக்காமல் என்னால் நல்லவனாக இருக்க முடியவில்லை.

ஒருநாள் கிளிநொச்சிச் சந்தையில் எதிர்ப்பட்டாய். பேச ஒன்றும் இல்லாமல், "ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு எண்டு சொல்லுறவை" என்று உளறினேன். நீ கோபப்படவில்லை. "ஒருத்தன் ஓடினால் கேக்கலாம். ஊர் ஓடினால் ஆரைக் கேக்கிறது, மச்சான்?" என்றாய். பிறகு என் பிள்ளையின் சுகம் விசாரித்துவிட்டுப் போனாய்.

அடுத்த வருடம் மாரி மழையோடு தொடங்கிய காலபோகத்துக்கு நீ விதைக்கவில்லை. வண்டிலில் சாமான் ஏற்றி, மனைவி பிள்ளைகளை இருத்திவிட்டு, என் வீட்டு வாசல் படலையடியில் நிறுத்தினாய். விதானையாரிடம் சாட்சியாகக் கிடந்த மண்வெட்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய். அதை வேலியில் சாத்தினாய்.

"உன்ரை வேலை முடியேல்லையே. வைச்சிரு."

அவ்வளவுதான் சொன்னாய். அப்போதுதான் விளங்கியது. நண்டு வளையும், பாதியில் நின்ற களிமண்ணும், உன் வயலுக்கு மேலே என் காலடியும் எல்லாம் உனக்கு முதல் நாளே தெரியும். கூட்டத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் தண்ணீர் மறிபட்டிருப்பது எனக்குத்தான். பச்சைக் குழந்தை இருந்த வீடு என்று விட்டாயோ, நானே எழும்பிச் சொல்லுவேன் என்று நம்பினாயோ, தெரியாது. பிறகு பரந்தன் சந்தியில் நீ நெல் மூட்டை சுமப்பதை இரண்டு தரம் பஸ்ஸிலிருந்து கண்டேன். இரண்டு தரமும் மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன்.

நேற்றுப் பின்னேரம், விதைப்புக்கு நாள் குறிக்கும் போகக் கூட்டம். உன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். கல்லால் எறிவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருவரும் அசையவில்லை. பதினான்காம் நம்பர்க்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ அவன்ரை மண்வெட்டியோடை நிண்டதைக் கண்டனான்" என்றான்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீயே சொல்லேல்லை. எல்லாரும் கை தூக்கினவை. நான் மட்டும் ஏன் எதிராளி ஆகோணும்?"

நண்டு வளையைத் தானும் கண்டதாக இருபத்தொன்று சொன்னான். வெட்டின தடம் இல்லை, உள்ளே அரித்து அறுந்த தடம்தான் என்று இன்னொருவன் சொன்னான். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவனும் பக்கத்திலிருந்தவனின் கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்கியிருக்கிறான். உன்னைக் குற்றவாளி என்று மனதார நம்பிய ஒருவன் கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கமாட்டான் போலிருக்கிறது. நம்பியிருந்தாலாவது மன்னிக்கலாம்.

விதானையார் தொண்டையைச் செருமினார். "செத்த மனிசனுக்கு இப்ப என்ன தண்ணி? இந்தக் கதையை இனி ஒருத்தரும் எடுக்கப்படாது. இதோடை விடுவம். கையைத் தூக்குங்கோ."

கைகள் எழும்பின. அன்றைக்குப் போலவே முன்வரிசையில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மளமளவென்று எல்லாம். உன் காணிக்குப் புதிதாக வந்தவன், உன்னைக் கண்டே இராதவன், அவனும் தூக்கினான். விதானையார் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லா முகமும் திரும்பியது.

அவர்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் உன் மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். தூக்கிய கைகள் நோவெடுத்து ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு முடிவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது. உனக்கு இதனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது, தெரியும். இன்றைக்குப் புதுப் பிடி சீவப் போகிறேன். அதிலே கம்பி காய்ச்சி உன் பெயரை எழுதுவேன்.