சான் செபாஸ்டியனுக்குச் சாப்பிடப் போவது

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாலை, சூப் ஆறுவதற்குள், இந்த வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் நானும் என் மனைவி எதுர்னேயும் மூன்று நாள் சான் செபாஸ்டியனுக்குச் சாப்பிடப் போகிறோம். கடலைப் பார்க்க அல்ல. கடல் எங்களுக்கும் இருக்கிறது. மகளைப் பார்க்க என்று சொல்லிக்கொள்ளலாம். லெய்ரே அங்கேதான் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஆனால் நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்றுவது? சாப்பிடத்தான் போகிறோம்.

பில்பாவோவில் பிறந்து, அறுபத்து நான்கு வருடம் பில்பாவோவிலேயே சாப்பிட்டு, அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த ஒருவன் நல்ல சாப்பாட்டுக்காக ஊரை விட்டு வெளியே போகிறான் என்றால், என் பாடப்புத்தகங்கள் அதைச் 'சரணடைதல்' என்ற தலைப்பின் கீழ்தான் சேர்த்திருக்கும்.

எதுர்னே கேட்டது ஒன்றே ஒன்று. "பஸ்ஸா, ரயிலா?"

பஸ். ரயில் நிற்கிற ஊர்களின் எண்ணிக்கைக்கு, போய்ச் சேர்வதற்குள் மனம் மாறிவிடும்.

மார்ச் 5

லெய்ரேயிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்படீன்னா உனாயோட அப்பாவையும் பாத்துடலாமாப்பா?"

உனாய் அவளோடு இரண்டு வருடமாக வாழ்கிற பையன். படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறான். சாது. அவன் அப்பா எர்ராமுன், பழைய நகரத்தில் குடைக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். இந்த இரண்டு வருடத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஏன் என்பது இன்றுதான் தெரிந்தது.

"உன் வாய்க்குப் பயந்துதான்ப்பா. போன தடவை உனாய் உனக்கு மீன் பொரிச்சுக் குடுத்தான். 'நோயாளிக்கு நல்லது'ன்னு சொன்ன."

சொன்னேன். நோயாளிக்கு நல்லதுதான்.

செப்டம்பரில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேருக்கும் எண்ணமாம். இரண்டு வீட்டாரும் ஒரே மேஜையில் சண்டையில்லாமல் ஒரு வேளை சாப்பிட முடிந்தால் விருந்து. முடியாவிட்டால், ஏதோ ஒரு வேலை நாளில் சாட்சிகளை வைத்துப் பதிவு செய்துகொண்டு எங்களுக்குப் போட்டோ அனுப்புவார்களாம்.

"மிரட்டுறியா?"

"ஆமா" என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

நிபந்தனைகள்: 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதையும் நான் அங்கே பேசக் கூடாது. தட்டில் எது வந்தாலும் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டேன். இதைவிட மோசமான உடன்படிக்கைகளில் அரசர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த நிமிடத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 8, சனி

பள்ளி நாளிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் கடை கடையாக ஏறி இறங்கும் எங்கள் கூட்டத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கோர்க்கா கோப்பையைக் கீழே வைத்தான்.

"டேய், வீட்ல அவங்க சமைக்கலையா?"

"சமைக்கிறாளே."

"டாக்டர் எதாவது சொன்னாரா?"

"இல்லடா."

"அப்புறம் ஏண்டா? அங்க ஒரு இறாலை வெச்சு அதுக்கு மேல பூ வெப்பான். அந்தப் பூவையும் நீதான் திங்கணும். தெரியும்ல?"

மற்றவர்கள் ஒரு சாவு வீட்டுக்கு உரிய மரியாதையோடு தலையாட்டினார்கள். கிளம்பும்போது கோர்க்கா என்னை ஓரமாக இழுத்தான். "துறைமுகத்துப் பக்கத்துச் சந்துல பச்சைக் கதவு போட்ட கடை ஒண்ணு. நண்டு கேளு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத."

மார்ச் 12

திட்டத்தின் முதல் வரைவு முடிந்தது. ஒரு கடையில் ஒன்றே ஒன்று, அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அது மட்டும், நின்றபடி. பிறகு அடுத்த கடை. ஒரே கடையில் இரண்டாவது தட்டு கேட்பவன் வெளியூர்க்காரன். காரமும் புளிப்பும் முன்னால், நெத்திலி அடுத்து, காளான், கன்றுக்குட்டி இறைச்சி, கடைசியில் பாலாடைக்கட்டி கேக். மழை பெய்தால் கூரை போட்ட தூண் வரிசை ஓரமாக, பெய்யாவிட்டால் துறைமுகம் வழியாக. நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு தயார் செய்ததில்லை.

எதுர்னே முழுவதையும் படித்தாள்.

"உக்காரணும்."

"எதுல?"

"நாற்காலியில, லூகென். வேற எதுல?"

உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு நாளில் பாதிக் கடைகள் கூட முடியாது என்று விளக்கினேன்.

"பாதி போதும். முப்பது வருஷம் மருந்துக்கடை கவுண்டர்ல நின்னாச்சு. லீவுலயும் நிக்கணுமா?"

மார்ச் 13

நாற்காலி விவகாரத்தில் முன்னேற்றம் இல்லை.

மார்ச் 14

வெள்ளி நின்றபடி. சனியும் ஞாயிறும் உட்கார்ந்து. இதை அவள் 'பாதி வழி' என்கிறாள்.

மார்ச் 19

லெய்ரேயிடமிருந்து செய்தி. சனிக்கிழமை மதியம் முழுவதும் எர்ராமுனுக்கு. அவருடைய சங்கத்தில் அவரே சமைக்கிறார். என் திட்டத்தின் நடுப்பகுதி இப்படியாகக் காலி.

சங்கம் என்றால் கொடி, கோஷம் எதுவும் கிடையாது. ஒரு பெரிய சமையலறை, நீள மேஜைகள், ஆளுக்கொரு சாவி. உறுப்பினர் யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கதவைத் திறந்து, சமைத்து, வேண்டியவர்களுக்குப் போடலாம். விருந்தாளிக்குச் சாப்பிடுவது ஒன்றுதான் வேலை.

அவர் என்ன சமைக்கிறார் என்பதுதான் விஷயம். பில்-பில்.

ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். வேறொன்றும் கிடையாது. மண்சட்டியைச் சுழற்றிச் சுழற்றி ஆட்ட, மீனின் பசையும் எண்ணெயும் சேர்ந்து வெண்ணெய் போலக் கெட்டிப்பட வேண்டும். மாவு, பால் எதற்குப் பின்னாலும் சமைத்தவன் ஒளிய முடியாது. இது எங்கள் ஊர்ப் பண்டம். சான் செபாஸ்டியன்காரர் ஒருவர் பில்பாவோக்காரனைக் கூப்பிட்டுப் பில்-பில் போடுகிறார் என்றால், ஒன்று அவர் பெரிய வீரர், அல்லது மகனைப் போலவே சாது.

எங்கள் வீட்டில் பில்-பில் செய்வது எதுர்னே. அதைப் பற்றிப் பேசுவது நான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுப்பா" என்றாள் லெய்ரே. "அங்க உறுப்பினர் எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்க சாப்பிடலாம், சமையல்கட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பழைய விதி. அம்மா கோவிச்சுக்கப் போறா."

எதுர்னே கோபித்துக்கொள்ளவில்லை. "சமையல்கட்டுப் பக்கம் வராதேன்னு ஒரு சங்கமே கூடிச் சொல்லுது. நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்? நாற்காலி உண்டா, அதைக் கேளு."

உண்டு.

மார்ச் 27

ஒத்திகை. இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பு சூப். ஒரு வாய் சாப்பிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"பொய் சொல்றப்ப உன் இடது புருவம் மேல போகுது" என்றாள் எதுர்னே. "என்ன கொறை பருப்புல?"

ஏப்ரல் 4, வெள்ளி

வந்து சேர்ந்தோம். மழை. இந்த ஊரில் குடை விற்றுப் பிழைத்த மனிதர் முட்டாளாக இருக்க முடியாது.

குச்சியில் குத்திய ஆலிவும் ஊறுகாய் மிளகாயும் உப்பு நெத்திலியும். அடுத்த கடையில் அன்றைக்குப் பிடித்த நெத்திலி, வினிகரில். நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் — எழுதவும் கூடாதா? லெய்ரேயிடம் கேட்டு வைக்கவில்லை.

மூன்றாவது கடையில் எதுர்னே ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்தாள். அத்தோடு அவளுடைய வெள்ளிக்கிழமை முடிந்தது. நான் மட்டும் சுற்றிவிட்டு வந்தபோது, கடைக்காரம்மா தன் முழங்கால் வலிக்கு அவளிடம் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதுர்னே முன்னால் காசு வாங்காத இரண்டு தட்டு.

பச்சைக் கதவு இருக்கிறது. நண்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் ஊர் திரும்ப முடியாது. பரிமாறினவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "பில்பாவோவா? கோர்க்கா அண்ணன் நல்லா இருக்காரா? மாசாமாசம் வந்துடுவாரே, இந்த மாசம் காணோம்" என்றார்.

ஏப்ரல் 5, சனி

ஆறப் போட்டு எழுத வேண்டும். ஆனால் ஆறுமா என்று தெரியவில்லை.

எர்ராமுன் குள்ளமான மனிதர், பெரிய கை. கும்பிடாத குறையாக வரவேற்று, எடுத்த எடுப்பில் என்னைச் "சம்பந்தி" என்றார். லெய்ரே தரையைப் பார்த்தாள். பக்கத்து மேஜையில் சங்கத்து ஆட்கள் சிலர். முதலில் இளம் பட்டாணி. 'ரொம்ப நல்லா இருக்கு' என்றேன். உண்மை என்பதால் புருவம் அசையவில்லை.

பிறகு சட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தேன். எண்ணெய் தனியாகத் தெளிந்து நின்றது. அதில் மீன் குளித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு சம்பந்தி?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"ரொம்ப ரொம்ப." புருவம் ஏறுவது எனக்கே தெரிந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தார்.

"சரி. இங்க இருக்கறவனுங்களும் வருஷக்கணக்கா இதையேதான் சொல்றானுங்க. மூஞ்சிக்கு நேரா நல்லா இருக்கும்பானுங்க, ரொட்டியால எண்ணெயைத் தொடச்சுட்டுப் போயிடுவானுங்க. பில்பாவோக்காரர் வர்றார், உள்ளதைச் சொல்லுவார்னு ரெண்டு நாளா தண்ணி மாத்தி மாத்தி மீனை ஊறவெச்சேன். நீங்களும் மரியாதை பண்ணிட்டீங்க."

பக்கத்து மேஜையில் மெல்லுகிற சத்தம் நின்றது. உனாய் தன் தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். நான் மகளைப் பார்த்தேன். உடன்படிக்கை அவளுடையது. பேசாமல் இருந்தால் செப்டம்பர் போயிற்று. பேசினாலும் போகலாம். என்ன செய்ய?

லெய்ரே கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லித் தொலைப்பா."

சொன்னேன். "எண்ணெயும் மீனும் விவாகரத்து வாங்கிட்டு ஒரே வீட்ல குடியிருக்குதுங்க."

கல்யாணம் பேச வந்த இடத்தில் இந்த வார்த்தையா வாயில் வர வேண்டும்! வந்துவிட்டது.

எர்ராமுன் மேஜையில் ஓங்கி அடித்தார். "அப்படிச் சொல்லுங்க! கடைசியா ஒரு மனுஷன்! சரி, ஏன் பிரிஞ்சுது?"

என் புலமை அந்த இடத்தோடு முடிகிறது. எதுர்னேயைக் காட்டினேன். அவள் இன்னும் பட்டாணியில் இருந்தாள்.

"கொதிக்கக் கொதிக்க ஆட்டியிருக்கீங்க. விரல் வெச்சா பொறுக்கற சூடுதான் இருக்கணும். எண்ணெயை வடிச்சு எடுத்துட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, துளித் துளியா திரும்ப விட்டு ஆட்டணும். இன்னும் கெட்டுப் போகல."

"வாங்க, காட்டுங்க" என்று எர்ராமுன் எழுந்து, சமையலறை வாசல் வரை போய், நின்றார்.

"எர்ராமுன், விதி" என்றார் பக்கத்து மேஜையில் மீசைக்காரர் ஒருவர்.

"தெரியும்டா." யோசித்தார். பிறகு எதுர்னேயிடம், "இதுக்கு அடுப்பு வேணுமா?"

"வேண்டாம். சூடு இருக்கு."

பெண்கள் சமையலறைக்குள் போகக் கூடாது என்பதுதான் விதி. சமையலறை வெளியே வரக் கூடாது என்று எவனும் எழுதி வைக்கவில்லை. கரண்டி, வடிகட்டி, எண்ணெய்க் கிண்ணம், மடித்த துணி எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்தன. எதுர்னே சட்டியைத் துணி மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட ஆரம்பித்தாள். எர்ராமுன் எண்ணெய் விட்டார். மீன் மெல்லச் சுற்றியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. அது பரவியது.

"லூகென், அந்த ரொட்டியை நகத்து, மறைக்குது" என்றார் எர்ராமுன். 'நீங்க' எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கவில்லை.

மீசைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் பின்னால் மற்றவர்கள். கெட்டிப்பட்டுவிட்டது. கரண்டியைச் சாய்த்தால் வழியவில்லை. லெய்ரே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் ரொட்டியால் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டேன். யாரும் கேட்காமலே, "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். எல்லோரும் என் புருவத்தைப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றார் மீசைக்காரர், குரலைத் தாழ்த்தி. "அடுத்த வாரம் நான் பண்றப்ப... வருவீங்களா?"

எதுர்னே கடைசி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் உனாய் மீன் பொரித்தான். உப்பு குறைவு என்றேன். "தெரியும் மாமா, இன்னொரு தடவை பண்றேன்" என்றான். பண்ணினான்.

கடற்கரையில் வெயில். பாலாடைக்கட்டி கேக், உட்கார்ந்து. லெய்ரே சொன்னாள்: "செப்டம்பர் இருபது. வேற வேலை எதுவும் வெச்சுக்காதீங்க."

திட்டத்தில் எழுதியிருந்த கடைகளில் பாதிக்கு மேல் போகவே இல்லை.

ஏப்ரல் 12, சனி

பச்சைக் கதவுக் கடையில் அவனை விசாரித்ததாகக் கோர்க்காவிடம், எல்லோர் முன்னாலும், சொல்ல வாயைத் திறந்தேன். இன்று முழுக்க அவன் செலவு.

ஜூன் 12, வியாழன்

சான் செபாஸ்டியனிலிருந்து தபாலில் ஒரு தடித்த உறை. உள்ளே சங்கத்தின் சாவி, ஒன்று. விலாசத்தில் எதுர்னேயின் பெயர்.