பாறை உனக்கு, வழி எனக்கு

உதியன்குளங்கரை
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை லேகா எழுதுவது. நான் விளித்தால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம். சுகந்தானே? சுகத்துக்கு என்ன குறை! பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். புதுச் சேலை, பின்னால் நம் அப்பாவின் பாறை.

சொத்தைப் பாகம் வைக்கும்போது இளையவள்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு முறை. நான் இந்த ரோட்டோரத்து மனையை எடுத்தேன். உனக்குப் பாறையும் அதன் அடியில் நாலு மூடு மரச்சீனிக் கிழங்கும் விழுந்தது. ஊரே உன்னைப் பார்த்துப் பாவப்பட்டது. இப்போது காலேஜ்காரர்கள் வந்து, கோடிக்கணக்கான வருஷத்துப் பாறை, அதிலுள்ள சிவப்பு மணியெல்லாம் கார்னெட் என்னும் ரத்தினக்கல் என்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் என்று பஞ்சாயத்து பலகை நட்டுவிட்டது. உன் மகள் ஜோஸ்னா வருகிறவர்களுக்குப் பாறை காட்டுகிறாள். நீ அவர்களுக்கு இலை போட்டு மரச்சீனியும் மீன்கறியும் விளம்புகிறாய். எனக்கு பஸ் கிளப்புகிற தூசிதான். பொறுக்கவில்லை அக்கா, உள்ளதைச் சொல்கிறேன்.

பாறைக்கு ஏறும் ஒற்றையடி வழியும் பாகத்தில் என் பெயரில்தானே கிடக்கிறது? உன் முற்றத்தில் ஒரு சாயாக்கடை போட இடம் கொடு.

லேகா

வெள்ளறடை
19 ஜனவரி

எடி லேகா,

நீ எடுத்ததை நீ அனுபவி, எனக்கு விழுந்ததை நான் அனுபவிக்கிறேன். சாயா போட இங்கே ஆள் உண்டு. நீ வந்தால், கறியில் உப்பில்லை என்று வந்தவர்களிடம் முதலில் சொல்வது நீயாக்கும்.

பிரேமகுமாரி

வெள்ளறடை
20 பிப்ரவரி

லேகா,

வழியில் முள்கம்பி வேலி கட்டினாயே, மனசு ஆறியதா? வந்த ஒரு டீச்சரின் சேலை கிழிந்தது. “வழியில்லாத பாறைய வச்சு நாங்க எந்து செய்ய?” என்று பஞ்சாயத்து மெம்பர் கையை விரித்துவிட்டார். பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம்மோடு படித்த மினியின் வீட்டுப் பாறையில் நட்டாயிற்று. ஜோஸ்னா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தன் மூக்கு அறுபட்டாலும் அடுத்தவளுக்குச் சகுனம் கெட வேண்டும் உனக்கு. இனி எழுதாதே.

பிரேமகுமாரி

உதியன்குளங்கரை
2 மார்ச்

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நேற்று மினி வீட்டுப் பாறைக்குப் போனேன், டிக்கெட் எடுத்துத்தான். மினி என்னை முன்பின் தெரியாதவள் மாதிரி, “செருப்ப அங்க களையுங்கோ” என்கிறாள். நம் ஜோஸ்னா சொன்னதையெல்லாம் மினியின் மருமகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். மீன்கறியில் புளி தூக்கல்.

சிவப்பு மணி அங்கே இருக்காது என்று நம்பித்தான் போனேன். உண்டு அக்கா. நம்முடையதைவிடப் பெரிசு, மாதுளைமுத்து போல. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை நாளும் உன்னைப் பார்த்து எரிந்த வயிறுதான். நேற்று உனக்காக எரிந்தது.

திரும்பும்போது வேலியைப் பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டேன். கையெல்லாம் கீறல். வழியைப் பஞ்சாயத்துக்கே எழுதிக் கொடுக்கிறேன், மெம்பரிடம் சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாறேன். கதவைச் சாத்திவிடாதே.

லேகா

வெள்ளறடை
5 மார்ச்

லேகா,

மெம்பரைக் கண்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. ஜோஸ்னா இன்னும் உன் பெயரை எடுத்தால் எழுந்து போகிறாள்.

நீ வா. மரச்சீனி அவிக்கிறேன், உப்பை நீயே போடு.

மினி வீட்டு மணி நிஜமாகவே அவ்வளவு பெரிசா? ஒரு நடை இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம். டிக்கெட்டை நீ எடு.

அக்கா