கல்யாணத்தில் முடித்த கதை

16 நவம்பர் 1996, சனி இரவு

காதலியின் கடிதத்தை நண்பர்களுக்குக் காட்டிவிட்டு அவளைக் கைவிட்டவன் மோசமா, காட்டிவிட்டு அவளையே கட்டிக்கொண்டவன் மோசமா? எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய சீனக் கதையில் அவன் கைவிடுகிறான். பல நூற்றாண்டுகள் கழித்து அதை நாடகமாக்கியவர் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டார். அந்த நாடகத்தைத்தான் இன்று பல்கலைக்கழக அரங்கில் பார்த்தோம். பிறகு ரொக்ஸ்பரோ பகுதியில் ராமநாதன் வீட்டில் சாப்பாடு. கல்லூரி ஹாஸ்டலில் என் கணவரோடு ஒரே அறையில் இருந்தவர். மூலக்கதையில் அவள் கடிதம் ஊர் சுற்றியதைச் சொன்னேன்.

ராமநாதன் சிரித்தார். "உங்க லெட்டரும்தான் எங்க ஹாஸ்டல் பூரா சுத்திச்சு. 'நீங்கள் வராவிட்டால் எனக்குப் படிப்பே வேண்டாம்.' சரியா, சிஸ்டர்?"

"டேய், அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே?" என்று இவர் பெருமையாகக் கேட்டார்.

இருபத்தைந்து வருஷமாக அந்த வரியை ஒருவர்தான் படித்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் சாதத்தில் மோர் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிறு

காலையில் அந்தக் கடிதத்தைக் கேட்டேன்.

"எதுக்கு இப்போ?"

"எனக்கு வேணும்."

கொஞ்ச நேரம் அலமாரியைக் குடைந்தார். பிறகு ராமநாதனுக்குப் போன் போட்டு, "உங்கிட்டதானேடா இருந்துச்சு?" என்று கேட்டார்.