மூன்று பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் கட்டுப் பிரித்த உன் இடது காலும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் காகிதத்தை எடுத்துவிட்டாரே என்று பயப்படாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், பொறுமை இரண்டு பேருக்கும் கிடையாது. அதோடு இது உன் கையில் காகிதமாகவே இருக்க வேண்டிய விஷயம், ஏன் என்று கடைசியில் தெரியும்.

அம்மா அந்தத் தள்ளுபடி ஆப்பில் ஜன்னல் திரை வாங்கினாள், எழுபது சதவீதம் குறைவு என்று இரண்டு நாள் ஒரே பெருமை, வந்த திரை ஜன்னலில் பாதிக்குத்தான் எட்டுகிறது. குறைத்தது விலையில் இல்லை, துணியில் என்று சொல்லிவிட்டேன், அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஜன்னல் நடுவில் கம்பி கட்டி மாட்டியிருக்கிறாள், கீழே மறைப்பு, மேலே வெளிச்சம், உண்மையில் நன்றாகவே இருக்கிறது, அவளிடம் சொல்லிவிடாதே. எனக்கு வேலை நிறைய. போன வாரம் ஒரு மருந்துக் கிடங்கில் பதினாறு கேமரா மாட்டினேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், மாட்டி முடித்ததும் பாஸ்வேர்டை அவர்களையே போடச் சொல்லிவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். கிடங்கு மேனேஜர் சிரித்தார், நீங்க மாட்டின கேமராவ நீங்களே பாக்க மாட்டீங்களா தம்பி என்றார். மாட்டுறது என் வேலை, பாக்குறது என் வேலை இல்ல சார் என்று பெரிய யோக்கியன் மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு ஏணியை மடக்கும்போது எனக்கே கூசியது.

சுற்றி வளைக்கத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். உன் கால் விஷயத்தை உன் அறைத்தோழி என்னிடம் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நான் பார்த்தேன். அந்தத் தள்ளுபடி ஆப்பில் குடும்பமாகச் சேர்ந்தால் கூடுதல் தள்ளுபடி என்று நாம் மூன்று பேரும் உன் கணக்கில் ஒரே பாஸ்வேர்டில் இருக்கிறோமே, டிரில் பிட் வாங்கத் திறந்தேன், சமீபத்தில் பார்த்தவை என்ற இடத்தில் ஊன்றுகோல், குளிக்கும்போது உட்கார ஒரு ஸ்டூல், மாவுக்கட்டு நனையாமலிருக்க ஒரு உறை. அம்மாவுக்கா என்றால் அவள் நாற்காலி மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் நீதான். அந்த நிமிடமே கூப்பிட்டு நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான்கு நாள் திறந்து திறந்து பார்த்தேன், ஊன்றுகோலை வாங்கினாளா, வலிக்கு ஏதாவது தேடினாளா என்று. ஐந்தாம் நாள் தாங்காமல் போன் செய்து கால் எப்படி இருக்கிறது என்றேன், யாருப்பா சொன்னா என்று கேட்டாய், எனக்குச் சொல்ல ஆள் இருக்கு என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். அந்த ஆள் ஒரு ஆப் என்று சொல்ல வெட்கம். அதே ஆப்பில் சக்கரம் சுற்றிப் பரிசு கொடுப்பவனுக்கு உன் இருப்பிடம் எதற்கு, உன் தோழிகளின் எண்கள் எதற்கு என்று உன்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன். அவனாவது பொருள் விற்கத்தான் உன்னைப் பார்த்தான், நான் கேட்காமலே தெரிந்துகொள்ளப் பார்த்தேன்.

நேற்று பாத்திரம் துடைக்கும்போது அம்மா சொன்னாள், நீ உன் அறைத்தோழியோடு பேசி மூன்று வாரம் ஆகிறதாம், மாதக் கடைசியில் அவள் வேறு அறைக்குப் போகிறாளாம். பாவங்க, நாலு மாடியும் இவளத் தாங்கித் தாங்கிக் கூட்டிட்டுப் போனவ, வீட்ல சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுக் காட்டிக் குடுத்துட்டான்னு இவ சொல்றா, ஆமா, உங்ககிட்ட அவ எப்பங்க பேசுனா என்று கேட்டாள். என்னிடம் அவள் எண்ணே கிடையாது. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன், பிறகு உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டியிருந்தால் தேவலை. மொதல்ல எழுதுங்க என்று பேனாவை எடுத்து வைத்தாள்.

எங்கள் இரண்டு போனிலும் உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டோம். வந்துவிட்டேன் என்று நான் சொல்வதை நம்பி விட்டுவிடாதே, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்று ஒன்று இருக்கும், அதை அழுத்திவிட்டுப் பாஸ்வேர்டை மாற்று, பிறந்த தேதி வேண்டாம். ஊன்றுகோல் வந்த அட்டைப்பெட்டியில் உன் பெயரும் எண்ணும் இருக்கும், கிழித்துப் போடு. தள்ளுபடி போச்சே என்று அம்மா முனகுகிறாள், முனகட்டும். இனி விழுந்தால் நீயாகச் சொல்லு. சொல்லாவிட்டாலும் தேட மாட்டேன், நல்லா இருக்கேன்ப்பா என்றால் அதையே நம்பிக்கொள்கிறேன். கஷ்டம்தான், பழகிக்கொள்வேன்.

விழுந்த இடத்திலெல்லாம் தாங்கிப் பிடிக்க உனக்கு ஆள் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம், ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள். அதனால் இதைப் படித்ததும் மடித்து வைக்காதே, அப்படியே கொண்டுபோய் அவள் கையில் கொடு, அவள் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில். பாஸ்வேர்டை அப்புறம் நிதானமாக மாற்றலாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் நிற்கிறேன்.

உன் அப்பா